ஜவ்வாது மலையில் ஒரு கிராவல் சைக்கிள் பயணம்: வனத்துறைப் பலகையில் திரும்பிய குழு

பொங்கல் கழிந்த வாரத்தில் ஐந்து பேர் ஜவ்வாது மலையின் உட்புற மண்சாலைகள் வழியாகச் சைக்கிளில் சென்ற இரண்டு நாள் பயணத்தின் பதிவு இது. திட்டமிட்ட இடத்துக்கு அவர்கள் போய்ச் சேரவில்லை. யாருக்கும் அடிபடவும் இல்லை. அப்படியானால் இதை எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அடிபடாமல் போனதற்கு எந்த முடிவுகள் காரணம், எது வெறும் அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐவரிடமும் தனித்தனியாகப் பேசியும், அவர்களுடைய ஜிபிஎஸ் பதிவுகளைப் பார்த்தும் எழுதியிருக்கிறேன். பெயர்களைத் தரவில்லை. மலைக்குள் இருக்கும் சிற்றூர்களின் பெயர்களையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு அதே கோட்டில் யாரும் சைக்கிளை விட்டுவிடக் கூடாது.

இடமும் சாலையும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சென்னையிலிருந்து சைக்கிளோடு வருபவர்களில் பெரும்பாலோர் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரியோடு நின்றுவிடுவார்கள். ஜவ்வாதுக்கு வருபவர்கள் குறைவு. வந்தாலும் ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர் என்று தார்ச்சாலையிலேயே குறுக்கே கடந்து இறங்கிவிடுவார்கள். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அப்படியொரு தொலைநோக்கியை அங்கே வைத்ததற்கு இரவில் வெளிச்சம் குறைவான மலை என்பதும் ஒரு காரணம். சைக்கிளில் வருபவர் இதை வேறு விதமாகப் புரிந்துகொள்ள வேண்டும்: ஆறு மணிக்கு மேல் இங்கே இருட்டு என்றால் இருட்டுதான்.

மண், கல் பாதைகளுக்காக அகல டயரோடு வரும் கிராவல் சைக்கிளை ஓட்டுபவர்கள் தேடிவரும் மண்சாலை இந்த மலையில் மிஞ்சியிருப்பதற்கும் காரணம் உண்டு. சிற்றூர்கள் பலவற்றைக் காப்புக்காடு சூழ்ந்திருக்கிறது. காட்டு நிலத்தில் சாலை போட அனுமதி வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, கிராம சபை பரிந்துரைத்தால் ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், சாலை போன்ற பொதுத் தேவைக்கு எடுக்க முடியும். அதற்கு மேல் என்றால் கோப்பு நீண்ட பயணம் போகும். அதனால் ஒரு சாலை மண்ணாகவோ, ஜல்லி கொட்டிய நிலையிலோ வருடக்கணக்கில் கிடப்பது அங்கே வழக்கம். நமக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக இருக்கும் பாதை, பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வராத பாதையாக ஊர்க்காரர்களுக்கு இருக்கலாம். இதை மறந்துவிட்டு வழி வரைந்தால் மற்ற கணக்குகளும் தப்பும்.

குழுவும் திட்டமும்

வழியை வரைந்தவர் நாற்பதை ஒட்டிய வயதுடைய பெண், வங்கி ஊழியர். நீலகிரியிலும் ஏற்காட்டுப் பக்கத்திலும் மண்சாலைகளில் ஓட்டிப் பழகியவர். மூத்தவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டமான பிரெவேயில், 600 கி.மீ. தூரத்தை 40 மணி நேர வரம்புக்குள் முடித்தவர். அது முழுக்கத் தார்ச்சாலை அனுபவம். மென்பொருள் வேலையில் இருக்கும் இருவர் புதிதாகக் கிராவல் சைக்கிள் வாங்கியிருந்தார்கள். ஐந்தாவது ஆள் ஒரு கல்லூரி மாணவர். அவரிடம் இருந்தது ஹைபிரிட் சைக்கிள், 35 மி.மீ. டயர், உள்ளே ட்யூப். மற்ற நால்வருடையது 42 முதல் 45 மி.மீ. வரையிலான ட்யூப்லெஸ் டயர், உள்ளே சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம்.

முதல் நாள் ரயிலில் வாணியம்பாடி வந்து, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூரில் தங்குவது. இரண்டாம் நாள் உட்புற ஊர்கள் வழியாகச் சுற்றி, ஒரு காட்டுப்பாதையைக் கடந்து, கிழக்குப் பக்கத் தார்ச்சாலையைப் பிடித்துப் போளூரில் இறங்குவது. அங்கிருந்து காட்பாடிக்கு ரயில். இரண்டாம் நாள் தூரம் 63 கி.மீ. அதில் சுமார் 18 கி.மீ. மண். மணிக்கு 14 கி.மீ. வேகம் என்று போட்டு, ஐந்து மணி நேரத்தில் முடியும் என்று கணக்கு.

கோட்டைச் செயலியில் வரைந்ததால் அது செயலிக்குத் தெரிந்ததை மட்டும் காட்டியது. தன்னார்வலர்கள் வரைந்த திறந்த வரைபடத்தில் மண்பாதை ஒன்று கோடாக இருக்கும். அது ஊராட்சிச் சாலையா, காப்புக்காட்டுக்குள் வனத்துறை ஜீப் போகும் தடமா என்று யாராவது குறித்து வைத்திருந்தால்தான் தெரியும். சரிவும் அப்படித்தான். பல செயலிகள் பயன்படுத்தும் உயரத் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். சின்னச் சின்னச் செங்குத்து ஏற்றங்கள் அதில் மழுங்கிவிடும். திரையில் 9 சதவீதம் காட்டும் இடத்தில் காலடியில் 16 இருக்கும்.

முதல் நாள்

எழுத அதிகம் இல்லை. ஆலங்காயம் தாண்டி மலை ஏறியபோது மாணவர் பின்தங்கினார், மற்றவர்கள் காத்திருந்தார்கள். இருட்டுவதற்கு முன்பே ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் ஒன்று: அன்றிரவு டீக்கடையில் ஒருவர், "உள்ள மெட்டல் கொட்டி வச்சிருக்காங்க சார், வண்டியே தத்தளிக்குது" என்று சொல்லியிருக்கிறார். நாம்தான் கிராவல் தேடி வந்திருக்கிறோமே என்று அதைச் சிரித்து விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை: ஜல்லிச்சாலை

ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஏழே முக்காலுக்குக் கிளம்பினார்கள். பனி, அப்புறம் இட்லி வேகத் தாமதம். முதல் 15 கி.மீ. நல்ல தார்ச்சாலை. அந்த இடத்தில் பேருந்து வரும் ஒரு சிற்றூர் இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டீக்கடையில் ஒருவர் சொன்ன சாலை தொடங்கியது.

கிராவல் என்றதும் நம் மனதில் வருவது இறுகிய செம்மண்ணும் அதன்மேல் பொடிக்கல்லும். இங்கே இருந்தது தார் போடுவதற்கு முன் விரிக்கும் ஜல்லி அடுக்கு. சாலைப் பணிக்கான அளவுப்படி அதன் கற்கள் 63 முதல் 45 மி.மீ. வரை இருக்கும். மேலே கிராவல் மண் தூவி, தண்ணீர் ஊற்றி, ரோலர் ஓட்டினால் இறுகிவிடும். இங்கே கொட்டிப் பரப்பியதோடு வேலை நின்றிருந்தது. டயரை விட அகலமான, முனை மழுங்காத கல். மிதித்தால் பின்சக்கரம் கல்லைப் பின்னால் தள்ளியது, சைக்கிள் நகரவில்லை. பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். நாலு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம்.

மாணவருடைய ட்யூப் இங்கே இரண்டு முறை போனது. கல் விளிம்பில் டயர் நசுங்கி, ட்யூப் ரிம்மோடு இடித்து, பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை. காற்றைக் கூட்டினால் இடிக்காது, ஆனால் கல்லில் துள்ளும். குறைத்தால் பிடிக்கும், ஆனால் இடிக்கும். 35 மி.மீ. டயரில் இதற்கு நடுவழி கிடையாது. மாணவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. "ஹைபிரிட் வரலாமா?" என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார். வரலாம் என்றுதான் பதில் கிடைத்திருக்கிறது.

பதிவுகளில் தெளிவாகத் தெரிவது ஒன்று. பதினொன்றரை மணிக்கு அவர்கள் இருந்தது 21ஆவது கிலோமீட்டரில். திட்டப்படி அப்போது போளூரே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தாமதமாகக் கிளம்பியதைக் கழித்தாலும் 45ஐத் தாண்டியிருக்க வேண்டும். யாரும் நின்று இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. ஜல்லி முடிந்து நல்ல செம்மண் வந்துவிட்டது, வெயில் இதமாக இருந்தது, இறக்கம் வேறு. என் பார்வையில் அன்றைய நாளின் திருப்பம் இங்கேதான். பலகை, கொள்ளு, இருட்டு எல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை.

பலகை

ஒன்றரை மணிக்கு, 27ஆவது கிலோமீட்டரில், காப்புக்காடு என்ற பலகை. பக்கத்தில் மரத்தடியில் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "உள்ள விட எனக்கு அதிகாரம் இல்ல மேடம். ரேஞ்சர் கிட்ட எழுதி வாங்கினு வாங்க." முந்தின மாத மழையில் உள்ளே ஓரிடத்தில் தடம் அறுந்துகிடக்கிறது என்றும் சொன்னார்.

காட்டுக்குள் மிச்சம் இருந்தது ஆறு கிலோமீட்டர். அதைக் கடந்தால் தார்ச்சாலை, அப்புறம் போளூர் வரை பெரும்பாலும் இறக்கம். திரும்பினால் 12 கி.மீ. பின்னால் போக வேண்டும், அந்த ஜல்லியையும் மறுபடி கடக்க வேண்டும். அப்போதுதான் பேருந்துச் சாலை வரும். மூத்தவர் உள்ளே போகலாம் என்றார். ஊர்க்காரர்களின் பைக்குகள் போன தடம் தெரிகிறது, காவலரிடம் பேசிப் பார்க்கலாம் என்பது அவருடைய வாதம். ஆறு கிலோமீட்டரா, 12 கிலோமீட்டரா என்று மட்டும் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும்.

வழி வரைந்தவர் திரும்புவது என்று முடிவெடுத்தார். அவர் சொன்ன காரணங்களை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். ஊர்க்காரர்கள் போவது அவர்களுடைய உரிமை, அதைக் காட்டி நாம் நுழைய முடியாது. இரண்டாவது, 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் காட்டுக்குள் போவதற்கான விதிகள் இறுகிவிட்டன. உள்ளே ஏதாவது ஆனால், அனுமதி இல்லாமல் போனவர்களைத் தேடி அதே காவலர்தான் வர வேண்டும். மூன்றாவது, தடம் அறுந்த இடத்தில் சைக்கிளைத் தூக்கிக் கடக்க முடியாமல் போனால், ஆறு கிலோமீட்டரின் நடுவிலிருந்து திரும்ப வேண்டியிருக்கும். அப்போது மணி நாலாகியிருக்கும்.

மூன்றாவது காரணம்தான் மூத்தவரை அடக்கியது. முதல் இரண்டும் போதுமானவை என்பது என் எண்ணம். ஆனால் ஒரு குழுவில் ஐந்து பேரும் ஒரே காரணத்துக்காகச் சம்மதிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண்.

காவலர் ஐவரின் பெயர்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தன் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அபராதம் எதுவும் இல்லை.

கொள்ளு

திரும்பும் வழியில் ஜல்லியில் இறங்குமுகம். நாலரை மணிக்குப் பேருந்துச் சாலையின் சிற்றூருக்குள் நுழைந்தார்கள். அந்தப் பருவத்தில் கொள்ளு அறுவடை. பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையின் மேலேயே மெத்தையாகப் பரப்பியிருந்தார்கள். பேருந்தும் வேனும் ஏறி இறங்கினால் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். சாமை, கேழ்வரகு எல்லாவற்றுக்கும் இதுதான் களம். ஒரு பாட்டி கையை ஆட்டி, "ஓரமா தள்ளினு போங்கப்பா" என்றார். முன்னால் போன மென்பொருள்காரர் நேரமாகிவிட்டது என்று அதன்மேலேயே ஓட்டினார்.

ஒரு பத்து மீட்டர் போயிருப்பார். காய்ந்த கொள்ளுக் கொடி நூல் மாதிரி நீளமானது, முறுக்கினால் அறாது. பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில் சுற்றி, கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் கருவியான டிரெயிலரின் இரண்டு சின்னச் சக்கரங்களுக்கு இடையே திரிபோல இறுகியது. மிதித்த வேகத்தில் சங்கிலி டிரெயிலரைப் பின்னுக்கு இழுத்தது. அதைத் தாங்கும் ஹேங்கர் துண்டு ஒடிந்தது. டிரெயிலர் ஆரக்கம்பிகளுக்குள் போய் இரண்டு கம்பியை முறித்தது.

ஹேங்கர் மெல்லிய அலுமினியத்தில்தான் செய்யப்படுகிறது. சட்டகம் உடைவதற்குப் பதில் அது உடையட்டும் என்பது வடிவமைப்பு. ஆனால் ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதன் வடிவம் வேறு. 2019இல் ஸ்ராம் நிறுவனம் எல்லாருக்கும் பொதுவான ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது. உடைந்த சைக்கிள் அந்த வகை இல்லை. வழி வரைந்தவரிடம் மாற்று ஹேங்கர் ஒன்று இருந்தது. அது அவருடைய சைக்கிளுக்கு மட்டும் பொருந்துவது.

பாட்டி திட்டவில்லை. அரிவாள் முனையால் பல்லிடுக்கில் இருந்த கொடியை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக் கொடுத்தார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. கடைசியில் இரண்டு படி கொள்ளு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். இதில் ஒரு சின்ன விஷயம்: வேன் ஏறினால் அவர்களுக்கு உதவி, சைக்கிள் ஏறினால் உதவி இல்லை. சைக்கிளின் எடை காயை வெடிக்க வைக்காது. செடியை இழுத்துச் சிதறடிப்பதோடு சரி.

மாலை முடிவுகள்

முதலில் டிரெயிலரைக் கழற்றிவிட்டு, சங்கிலியை வெட்டிச் சுருக்கி, ஒற்றைக் கியராக ஓட்டப் பார்த்தார்கள். எல்லாரும் சொல்லும் வழிதான் இது. ஆனால் இப்போதைய கிராவல் சைக்கிள்களில் பின்சக்கர அச்சை முன்பின் நகர்த்த முடியாது. சங்கிலியைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவர வழியில்லை. கொஞ்சம் தளர்வாக விட்டால் மிதிக்கும்போது அது பக்கத்துப் பெரிய பல்லில் ஏறிச் சிக்கிக்கொள்கிறது. முக்கால் மணி நேரம் இதில் போனது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு விட்டிருக்கலாம்.

பேருந்து? மாலைப் பேருந்து மேலே ஏறிப் போய்விட்டது. அது நைட் ஹால்ட் வண்டி, காலையில்தான் இறங்கும். சாமை மூட்டைகளோடு ஜமுனாமரத்தூர் போகவிருந்த ஒரு குட்டியானை கிடைத்தது. ஓட்டுநர் எல்லாரையும் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார். சரக்கு வண்டியின் பின்புறம் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தப்பு, விபத்தானால் காப்பீடும் கேள்விக்குறிதான். மறுத்துவிட்டார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாம். உடைந்த சைக்கிளை மூட்டைமேல் கட்டி, மிகவும் களைத்திருந்த மாணவரை முன்னால் உட்கார வைத்தார்கள். சைக்கிள் உடைந்தவர் மாணவரின் ஹைபிரிட்டை எடுத்துக்கொண்டார். ஆறடி உயரக்காரர், சீட்டு தண்டை முழுசாக உயர்த்தியும் முழங்கால் நெஞ்சைத் தொட்டது. நால்வரும் ஒன்றாக, மெதுவாக ஓட்டுபவரின் வேகத்தில், தார்ச்சாலையில் 15 கி.மீ. திரும்பினார்கள்.

மூத்தவரும் இன்னொருவரும் அன்றிரவே போளூர் இறங்கிவிடலாம் என்று மறுபடி கேட்டார்கள். காலையில் வேலை இருந்தது. முன்விளக்கு உருப்படியாக இருந்தது இருவரிடம் மட்டும், மற்றவர்களிடம் மினுக்கும் விளக்குகள்தான். ஓட்டுநர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "இருட்டுல எறங்காதீங்க சார். வளைவுல மாடு படுத்துக்கினு கெடக்கும். கரடியும் வரும்." அந்த மலையில் கரடி இருப்பது உண்மைதான். ஆனால் ஆபத்து என்று பார்த்தால் மாடுதான் முதலில். ஜமுனாமரத்தூரிலேயே இன்னொரு இரவு தங்கினார்கள். விடிந்ததும் மூவர் சைக்கிளில் போளூர் இறங்க, மற்ற இருவரும் வேனில் வந்தார்கள்.

பிறகு நடந்தது

வழி வரைந்தவர் அந்தக் காட்டுப்பாதைக்கு அனுமதி தேவை என்ற குறிப்பைத் திறந்த வரைபடத்தில் சேர்த்தார். தன் பழைய கோட்டை யாருக்கும் பகிரவில்லை. புதிய வழியை வரையும்போது தூரத்தை விட்டுவிட்டு, பேருந்துச் சாலையை எந்தெந்த இடங்களில் தொடுகிறது என்பதிலிருந்து தொடங்கினார். ஒரு தொடும் இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசி நேரம் உண்டு. அது தாண்டிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை, தார்ச்சாலைதான். இந்த அளவுகோலை அன்றைக்கு வைத்துப் பார்த்தால், அவர்கள் பதினொன்றரை மணிக்கே திரும்பியிருப்பார்கள். பலகையைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை மாற்றம் சின்னது: அவரவர் ஹேங்கர் அவரவர் பையில், இந்த மலைக்கு 42 மி.மீ.க்குக் குறைந்த டயர் வேண்டாம், முன்விளக்கு இல்லாதவர் இரண்டாம் நாள் உள்ளே வரக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின நாள் உள்ளூர்ப் பேருந்து நடத்துநரிடமோ டீக்கடையிலோ சாலை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது. கேட்பதோடு நின்றால் போதாது, வரும் பதிலை வைத்து வழியை மாற்றவும் வேண்டும். முதல் பயணத்தில் பதில் கேட்காமலேயே வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த தை மாதம் மூவர் புதிய வழியில் போனார்கள். ஜல்லிச்சாலை தார்ச்சாலையாகியிருந்தது. பேருந்து இன்னும் நாலு கிலோமீட்டர் உள்ளே போகிறது. அவர்களுடைய மண்பாதையில் ஒரு துண்டு குறைந்தது, ஊருக்கு ஒரு வண்டி கூடியது. கொள்ளு பரப்பியிருந்த இடங்களில் இறங்கித் தள்ளினார்கள்.

மூத்தவர் இன்னும் ஒப்புக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. கடைசி நேரத்தை முன்கூட்டியே எழுதி வைத்தால், நன்றாக ஓட்டும் நாளில்கூட அது கையைக் கட்டிப்போடும் என்கிறார். வேகமானவர்கள் மட்டும் போகும்போது அந்த நேரத்தைத் தள்ளிவைக்கலாமா என்பதில் குழு இன்னும் முடிவுக்கு வரவில்லை. இப்போதைக்கு, வழி வரைந்தவர் கூட வரும் பயணங்களில் மட்டும் அது நடைமுறையில் இருக்கிறது.